மாத்துங்க சாமி

கார் பந்தயத்தில் ஜெயிப்பது எப்படி என்று என்னிடம் கேட்டால் நாள் முழுக்கச் சொல்வேன். செல்போனில் ஓட்டும் பந்தயத்தைச் சொல்கிறேன். நிஜக் காரில் ஸ்டியரிங்குக்கு முன்னால் நான் உட்கார்ந்ததே கிடையாது. என்னிடம் இருப்பது கியர் இல்லாத ஒரு பழைய மொபெட். அதன் முன்னாலும் எப்போது பார்த்தாலும் தேங்காய்ச் சாக்கு ஒன்று உட்கார்ந்திருக்கும். ஆனால் வளைவு, திருப்பம் எதுவும் இல்லாத நேர்ச் சாலையில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று கிளம்பி, எது முதலில் கோட்டைத் தாண்டுகிறது என்று பார்க்கும் அந்தப் பந்தயத்தில், மதுரைக்குள் என்னை ஜெயிக்க ஆள் குறைவு. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இல்லாததையா சொல்கிறேன்?

வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலுக்கு நான் அர்ச்சகர். மீசை முளைத்த வயதில் அப்பாவிடமிருந்து கைக்கு வந்த வேலை. அன்றிலிருந்து ஊருக்கே நான் சாமி. என் அப்பா வயதுக்காரரும் சாமி என்பார். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸைக் காலி செய்தவனும் இப்போது கையைக் கட்டிக்கொண்டு “நல்லா இருக்கீங்களா சாமி?” என்கிறான். மரியாதைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் டீக்கடைக்குள் நுழைந்தால் அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு பாதியில் நிற்கும். வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிவிட்டு எனக்கு இடம் விடுவார்கள். நான் குடித்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும்.

மதுரையில் பிறந்து வளர்ந்த ஒருவனை நாற்பது வயதுவரை ஒருத்தர்கூட மாப்ள என்று கூப்பிடவில்லை என்றால் அது எப்பேர்ப்பட்ட குறை என்று இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் புரியும். இங்கே பஸ்ஸில் காலை மிதித்தவனைத் திட்டும்போதுகூட “பாத்து மாப்ள” என்றுதான் திட்டுவார்கள். எனக்கு அந்தத் திட்டுக்குக்கூடக் கொடுப்பினை இல்லை. என் காலை மிதித்தவர்கள் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

புது வண்டி வாங்கும் அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாம் எங்கள் கோயிலுக்குத்தான் பூஜைக்கு வருவார்கள். பானெட்டில் சந்தனம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு “ஏத்துங்க” என்பேன். பழம் நசுங்கும். வண்டி கிளம்பிவிடும். நான் நசுங்கிய பழங்களைப் பொறுக்கிக்கொண்டு நிற்பேன். எத்தனை கார்கள் என் கண்ணெதிரே முதல் கியர் போட்டுக் கிளம்பியிருக்கும்! ஒரு நாள் பூஜைக்குக் காத்திருந்த ஒருவர் போனில் கார் ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்று மத்தியானமே நானும் அந்த விளையாட்டை இறக்கிக்கொண்டேன். பெயர் கேட்ட இடத்தில் ‘தெப்பம்’ என்று போட்டேன். குளத்துக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு அதுதான் வாயில் வந்தது. பந்தயக் காருக்குத் தெப்பம் என்று பெயர் வைத்தவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மத்தியானம் நடை சாத்திவிட்டால் சாயங்காலம் நாலு மணிவரை எனக்கு வேலை இல்லை. வீட்டு மாடி அறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மனைவி கதவோரமாக எட்டிப் பார்ப்பாள். “கார்ல போறவருக்குக் காபி வேணுமா, இல்ல போய்ட்டு வந்து குடிப்பீங்களா?” என்பாள். போய்ட்டு வந்து குடிப்பேன்.

அந்த விளையாட்டில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குழுவாக ஆடலாம், ஆடிக்கொண்டே பேசலாம். நான் சேர்ந்த குழுவுக்குத் தலைவர் கோரிப்பாளையத்தில் பைப், குழாய்ச் சாமான் கடை வைத்திருப்பவர். என் வயதுதான். முகம் தெரியாது. நான் சேர்ந்த அன்றைக்கு முதல் பந்தயத்திலேயே தோற்றேன். காதில் ஒரு குரல் வெடித்தது.

“ஏன் மாப்ள, ஆரம்பத்துலயே அம்புட்டு அமுக்கு அமுக்குற? டயரு நின்ன எடத்துலயே சுத்துதுல்ல?”

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்றதற்காக அல்ல.

அவர் சொல்லித்தான் எனக்கு நுணுக்கங்கள் பிடிபட்டன. கிளம்பும்போது ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கினால் சக்கரம் வீணாகச் சுற்றும். குறைத்து அமுக்கினால் வண்டி முக்கும். திரையில் எஞ்சின் வேகம் காட்டும் ஊசி நடுவில் நிற்கும்படி விரலை விட்டு விட்டு அமுக்க வேண்டும். கிளம்பியபின் ஊசி பச்சைக் கோட்டைத் தொட்டதும் கியரை மாற்ற வேண்டும். முதல் கியரில் பச்சை கண்மூடித் திறப்பதற்குள் வந்து போய்விடும், மேலே போகப் போகத்தான் நிதானம் கிடைக்கும். நைட்ரோ என்று ஒரு பொத்தான் உண்டு, வண்டியைத் தூக்கி எறிகிற மாதிரி ஒரு வேகம் கொடுக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதைக் கிளம்பியவுடன் அடித்துத் தொலைப்பார்கள். டயர் ரோட்டைப் பிடித்த பிறகு, இரண்டாவது கியரில் அடித்தால்தான் அது வேலை செய்யும். சேர்த்த காசை எல்லாம் எஞ்சினுக்கே போடக் கூடாது, டயருக்கும் கியர்ப்பெட்டிக்கும் போட வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், பக்கத்துக் காரைப் பார்க்கவே கூடாது. அவன் எங்கே போனால் நமக்கென்ன? நம் ஊசியைப் பார்க்க வேண்டும்.

இதை எல்லாம் அவர் வாயால் சொன்னதோடு விடவில்லை. நானும் அவரும் ஒரே மாதிரிக் காரை, ஒரே மாதிரி தயார் செய்து வைத்துக்கொண்டோம். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் கிளம்புவோம். அவர் ஊசி பச்சைக்கு வரும்போது என் ஊசியும் வந்திருக்கும். அவர் “மாத்து” என்பார், நானும் மாற்றுவேன். “மாத்து... அடி! மாத்து...” ‘அடி’ என்றால் நைட்ரோ. கொஞ்ச நாளில் நான் ஊசியைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அவர் வாயில் ‘மாத்து’ முடியும்போது என் விரல் தானாக விழும். இதில் என் தொழிலும் எனக்குக் கைகொடுத்தது. இடது கையில் மணி, வலது கையில் தீபம், வாயில் மந்திரம் என்று ஒன்றையொன்று இடிக்காமல் மூன்று வேலை பார்த்துப் பழகியவன் நான். ஒரு விரலில் ஆக்சிலேட்டரும் மறு விரலில் கியரும் எனக்கு ஒரு பொருட்டா? சீக்கிரமே குழுவில் முதல் ஆள் ஆனேன். தலைவரையே தோற்கடித்தேன். “அடப்பாவி மாப்ள, எனக்கேவா?” என்று சிரித்தார்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு தடவை கோயில் மணியை யாரோ அடித்தது போனில் கேட்டுவிட்டது. “என்னா மாப்ள மணிச் சத்தம்?” என்றார். “பக்கத்துல கோயிலு” என்றேன். பொய்யில்லையே, பக்கத்தில்தான் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் அவர் பரபரப்பாகக் கூப்பிட்டார்.

“மாப்ள, எங்க ஏரியாவுல புதுசா ஒரு போன் கடை தொறக்குறாய்ங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஜோடிப் பந்தயமாம். ஒருத்தன் கண்ணக் கட்டிக்கிட்டு ஓட்டணும், இன்னொருத்தன் பக்கத்துல நின்னு சொல்லணும், உறியடி மாதிரி. நமக்குன்னே வச்சிருக்காய்ங்க. வாரியா?”

வாரேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். குடுமியும் விபூதியுமாக என்னைப் பார்த்த மாத்திரத்தில் அந்த மனுஷன் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஊரில் எல்லாரும் சொல்வதைத்தான் சொல்வார். உலகத்தில் என்னை மாப்ள என்று கூப்பிடுகிற ஒரே வாய் அது. அதை இழப்பதற்கு நானே மொபெட்டில் ஏறிப் போக வேண்டுமா?

மனைவியிடம் சொன்னேன். “ஓட்டுறதுக்கு வெக்கமில்ல, போய் நிக்கிறதுக்குத்தான் வெக்கமா?” என்றாள். சட்டையும் பேன்ட்டும் இஸ்திரி போட்டு வைத்தாள். நெற்றியைக் கழுவிக்கொண்டு, தலையில் ஒரு தொப்பியும் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று திட்டம். அதெல்லாம் பிள்ளையாருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. அன்றைக்குப் பார்த்து, நடை சாத்துகிற நேரத்தில் ஒருவர் புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். “நல்ல நேரம் முடியுறதுக்குள்ள பூஜை போட்டுருங்க சாமி” என்றார். எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி முடித்தபோது வீட்டுக்குப் போய் உடை மாற்ற நேரமில்லை. கட்டிய வேட்டி, தோளில் துண்டு, நெற்றியிலும் கையிலும் பட்டை. அப்படியே மொபெட்டை முறுக்கினேன்.

கோரிப்பாளையம் சந்திப்பு எப்போதும்போல நெரிசல். கடை வாசலில் பந்தல் போட்டு, இரண்டு பெரிய டிவி வைத்து, மைக்கில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு வெளியே ஒருவர் போனைக் காதில் வைத்தபடி வருகிற ஒவ்வொரு பைக்குக்காரனையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, குறுந்தாடி. என் வேட்டி மடிப்பில் போன் அடித்தது. அவரேதான். பக்கத்தில் போய் நின்றேன்.

உடனே போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு வணக்கம் வைத்தார். “வாங்க சாமி. எந்தக் கோயிலு? நன்கொடையா?”

“நாந்தேன் மாப்ள, தெப்பம்” என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பு வர ஆரம்பித்துப் பாதியில் நின்றது. கையில் இருந்த டீ கிளாஸைப் பின்னால் மறைத்தார், அது ஏதோ தப்பான சாமான் மாதிரி. “நீங்களா? சாமி... நான் உங்கள என்னென்னமோ பேசியிருக்கேனே. மனசுல வச்சுக்காதீங்க சாமி” என்றார். எனக்கு அங்கேயே திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது.

அதற்குள் கடைக்காரர் பார்த்துவிட்டார். நாற்காலி வந்தது. குளிர்பானம் வந்தது. “சாமி நல்ல நேரத்துல வந்திருக்கீக. இந்தப் போனுக்கெல்லாம் ஒரு பொட்டு வச்சு விடுங்க” என்றார். நான் ஆட வந்தவன் என்று சொன்னதும் மைக்குக்காரர், “சாமியே பந்தயத்துல எறங்கிருச்சு!” என்று அலறினார். கூட்டம் சிரித்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஓட்டிக் காட்டுகிறேன் பார் என்று துண்டை எடுத்து நானே கண்ணைக் கட்டிக்கொண்டேன்.

முதல் சுற்றுகளில் வந்தவர்கள் எல்லாம் கத்துக்குட்டிகள். கிளம்பும்போதே டயரைச் சுற்றவிட்டுத் தோற்றார்கள், நான் எங்கே கியர் மாற்றினேன் என்று பார்க்க வேண்டியதே வரவில்லை. கடைசிச் சுற்றில்தான் விஷயம் தெரிந்த ஜோடி வந்தது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் படிக்கிற இரண்டு இளைஞர்கள். அவர்கள் அன்று எல்லாரையும் சுலபமாகத் தள்ளிவிட்டு வந்திருந்தார்கள். மூன்று பந்தயம், இரண்டை ஜெயித்தவருக்குக் கோப்பை.

முதல் பந்தயம் தொடங்கியது. மைக் சத்தத்தில் எஞ்சின் சத்தம் ஒன்றும் காதில் விழவில்லை. தலைவரின் குரல் மட்டும்தான் வழி. அந்தப் பக்கத்துப் பையன் “ஷிஃப்ட், ஷிஃப்ட்” என்று வெட்டி வெட்டிச் சொன்னான். என் பக்கத்தில் தலைவர் பணிவாகச் சொன்னார்: “சாமி, மாத்துங்க... மாத்துங்க சாமி...”

தோற்றோம். எல்லாக் கியரையும் பச்சை தாண்டிச் சிவப்பில் மாற்றியிருக்கிறேன். துண்டை அவிழ்த்துவிட்டு டிவியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ‘மாத்து’ முடிகிற இடத்தில் விழுந்து பழகிய விரல், ‘மாத்துங்க’ முடியட்டும் என்று காத்திருந்திருக்கிறது. அந்த ‘ங்க’ தான் எங்களைத் தோற்கடித்தது! மரியாதை கொடுத்தே என்னைக் கவிழ்த்துவிட்டார் மனுஷன்.

அவர் கையைப் பிடித்துப் பந்தலின் மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“இங்க சாமி யாரும் இல்ல. சாமியப் பூட்டிட்டுத்தேன் வந்திருக்கேன். மாத்துன்னு சொல்லு.”

“வாய் வரமாட்டேங்குது சாமி. அந்தப் பட்டையப் பாத்தா...”

“நீ என்னயச் சாமின்னா நான் ஒன்னயப் பாய்னுதேன் கூப்பிடணும். ஊருல அம்புட்டுப் பேரும் நம்மள அப்பிடித்தேன் கூப்பிடுறாய்ங்க. அப்பறம் நமக்கு எதுக்கு ஒரு குரூப்பு?”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். “கோவிச்சுக்காதீங்க” என்றவர், “கோவிச்சுக்காத” என்று திருத்திச் சொன்னார். அதைச் சொல்ல அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

“என்னயப் பாக்காத. ஊசிய மட்டும் பாரு. நீ சொல்லிக் குடுத்ததுதான?” என்றேன்.

இரண்டாவது பந்தயத்தில் அவர் டிவிக்கு நேராகத் திரும்பி நின்றுகொண்டார். “மாத்து” என்றார். ஆனால் ஒவ்வொன்றும் தொண்டையில் முள் சிக்கிய மாதிரி வந்தது, அதற்குப் பின்னால் ஒரு ‘ங்’ தொங்கிக்கொண்டே இருந்தது. ஜெயித்தோம், மயிரிழையில்தான். அந்தப் பையன்கள் ஒரு கியரைத் தவறவிட்டதால் கிடைத்த வெற்றி அது. அதில் எனக்குப் பெருமை இல்லை.

மூன்றாவதில் நானே கோட்டைவிட்டேன். கிளம்புகிற நேரத்தில் அவர் “பைய... பைய...” என்று மெதுவாக அமுக்கச் சொல்கிறார், பதற்றத்தில் என் விரல் அமுக்கிவிட்டது. மைக் சத்தத்தையும் மீறி டயர் சுற்றுகிற சத்தம் எனக்கே கேட்டது. கூட்டம் “ஓ” என்றது. அந்தப் பையன்களின் கார் முந்திப் போய்விட்டது என்று கண்கட்டுக்குள்ளேயே தெரிந்தது.

அப்போதுதான் அந்த வாய் திறந்தது.

“கூறுகெட்டவனே! ‘பைய’ன்னா பைய அமுக்கணும்டா! மாத்து மாப்ள!”

மாற்றினேன். கூட்டம் கப்சிப் ஆகிவிட்டது. அர்ச்சகரைப் பார்த்துக் கூறுகெட்டவனே என்கிறாரே என்று மைக்குக்காரர்கூட வாயை மூடிவிட்டார். அது நல்லதாகப் போயிற்று, தலைவர் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது கியரில் வழக்கமாக ‘அடி’ வரும். வரவில்லை. “பொறு மாப்ள, இன்னும் டயரு பிடிக்கல, பொறுடா” என்றார். பொறுத்தேன். நைட்ரோ மேல் வைத்த விரல் துடிக்கிறது. அவரை நம்பி அசையாமல் வைத்திருந்தேன். “மாத்து! இப்ப அடிடா மாப்ள!”

அடித்தேன். அதற்கப்புறம் இரண்டு மாத்து. இரண்டும் நடுப் பச்சையில் விழுந்தன. கூட்டம் போட்ட கூச்சலில் நான் துண்டை அவிழ்ப்பதற்குள் யாரோ என்னைத் தூக்கிவிட்டார்கள். டிவியில் எங்கள் காரின் மூக்குக் கொஞ்சம்போல முன்னால் நின்றது. டயர் சுற்றிப் பின்தங்கிய காரைப் பிடித்துக் கொண்டுபோய் ஜெயித்திருக்கிறோம்! கேள்விப்பட்டிருக்கிறீர்களா அப்படி ஒரு ஓட்டம்? அந்தப் பையன்கள் இரண்டு பேரும் வந்து கைகொடுத்து, “எப்பிடிண்ணே?” என்றார்கள். அண்ணே! அதுவும் எனக்குப் புதிதுதான்.

ஆனால் தலைவர் முகம் வெளுத்திருந்தது. சுற்றி இத்தனை பேர் நிற்கிறார்கள், என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. “வேகத்துல வாய் தவறிருச்சு. மன்னிச்சுக்கங்க” என்று கையைக் கூப்பினார். மறுபடியும் அந்த ‘ங்க’. நான் பதில் சொல்வதற்குள் கடைக்காரரும் மற்றவர்களும் படம் எடுக்க இழுத்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தால் நடை திறக்கிற நேரம் நெருங்கிவிட்டது. கோப்பை யார் கையிலோ இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. மொபெட்டில் ஏறினேன். வண்டி வைகைப் பாலத்தைத் தாண்டும்போது, ஜெயித்தவனுக்கு இருக்க வேண்டிய சந்தோஷத்தில் பாதிதான் என்னிடம் இருந்தது. அந்த மாப்ள வாய் தவறி வந்ததா, மனசார வந்ததா? அது தெரியாமல் கோப்பையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வீட்டுக்குள் ஓடி, தலைக்கு ஊற்றிக்கொண்டு, நடையைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வாசல்வரை நின்றது. மத்தியானம் பூஜை போட்டுப் போன புதுக் கார்க்காரர் குடும்பத்தோடு வந்து முன்னால் நின்றிருந்தார். ஜெயித்ததை அவரிடம் சொல்ல வேண்டும் என்று நாக்குத் துடித்தது. சாமியிடம் போய் யார் கார் பந்தயம் பேசுவார்கள்? கற்பூரத்தை ஏற்றினேன்.

அப்போது தெருவில் ஒரு பைக் வந்து நின்றது. வாசலுக்கு நேரே, வெள்ளைத் தொப்பியோடு அவர். கையில் கோப்பை. தெப்பம் என்ற பெயரை வைத்தே தெப்பக்குளத்துப் பக்கம் விசாரித்து வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றுவதா, வெளியிலேயே நிற்பதா என்று தெரியாமல் தயங்குகிறார். சுற்றி நிற்கிற அத்தனை பேரும் சாமி, சாமி என்று என்னிடம் அர்ச்சனைக்குப் பேர் சொல்லிக்கொண்டிருப்பது அவர் காதில் விழுகிறது. நான் மணியை நிறுத்திவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், நெற்றிப் பட்டையைப் பார்த்தார், பிறகு எம்பிக் குதித்துக் கோப்பையைத் தலைக்குமேல் தூக்கினார்.

“மாப்ள! கப்ப விட்டுட்டுப் போய்ட்டியே மாப்ள!”

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. புதுக் கார்க்காரர் பயந்துபோய் என்னிடம் குனிந்தார். “யாரு சாமி அது?”

“என் மாப்ள” என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவையும் சொன்னேன். பிறகு வாசலைப் பார்த்து, மந்திரம் சொல்லிப் பழகிய தொண்டையை முழுக்கத் திறந்தேன்.

“வாரேன் மாப்ள, நில்லு! கற்பூரம் எரியுது!”